நெய் உருகாத ஜன்னல்

என் கணவர் பதுளைக் கடைத்தெருவில் மாடி வீடு கட்டி முடித்தபோது, அந்த வீட்டிலேயே அவருக்கு மிகவும் பிடித்தவை கண்ணாடி ஜன்னல்கள்தான். ரயில் அந்தக் காலத்தில் பண்டாரவளை வரைக்கும்தான் வந்தது. கொழும்பிலிருந்து வந்த கண்ணாடிகளை அங்கே இறக்கி, வைக்கோல் திணித்த பெட்டிகளோடு மாட்டு வண்டியில் ஏற்றி, வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் கொண்டுவந்தார்கள். வண்டிக்குப் பின்னாலேயே அவர் நடந்து வந்தாராம். வழியில் ஒரே ஒரு கண்ணாடிதான் உடைந்தது. அதைப் பல வருடங்கள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழே துணிக்கடை. மேலே அவர், அவருடைய உம்மா, அதாவது என் மாமி, நான், ஆக மூன்று பேர். அதற்கு முன் பள்ளிவாசல் சந்தில் ஒரு தாழ்ந்த வீட்டில் இருந்தோம். அங்கே ஜன்னல் என்று சொல்லப்பட்டது ஒரு தாம்பாளத்தின் அளவுதான் இருக்கும். புது வீட்டின் முன்னறையிலோ தெருவைப் பார்த்து மூன்று பெரிய ஜன்னல்கள். மூன்றும் மேற்குப் பக்கம்.

நான் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கைமெஷின் ஒன்று வைத்திருந்தேன். கடைக்குப் பின்னால், துணித் தடுப்புக்குள் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பெண்களுக்கு ரவிக்கை அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பேன். துணியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அது எது, எத்தனை சலவைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். எனக்கு எந்த விஷயத்திலும் இரண்டு மனது வருவதில்லை. அது நல்ல குணமா கெட்ட குணமா என்று அப்போது யோசித்ததும் இல்லை.

குடிவந்த முதல் நாள் மாமி முன்னறைக்குள் வரவே மறுத்துவிட்டார். எதிர்க் கடையின் மேல்மாடியில் நிற்கிறவன் கண்ணுக்கு நம் வீட்டுப் பாய் தலையணைகூடத் தெரியும் என்றார். அது உண்மைதான். பின்னறையில் சமையல் புகை. தொழுவதற்கு முன்னறைதான் வசதி. தொழும் திசையான கிப்லாவும் மேற்கு, ஜன்னல்களும் மேற்கு. ஆகவே தொழுகைப் பாயை விரித்தால் முகத்துக்கு நேரே அந்த மூன்று ஜன்னல்களும் நிற்கும். ஏதாவது போட்டு மூடினால்தான் உள்ளே வருவேன் என்று மாமி சொல்லிவிட்டார்.

துணிக்கடைக்காரர் வீட்டில் மூடுவதற்கு என்ன குறை? என் கணவர் முதலில் பூப்போட்ட சீத்தைத் துணி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் கொடிக்குக் கொடி மயில் உட்கார்ந்திருந்தது. மயிலைப் பார்த்துத் தொழமாட்டேன் என்று மாமி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு வந்ததுதான் அரக்குச் சிவப்பு வெல்வெட்டு. ஒரு துரைசாணி பங்களாவுக்கென்று சொல்லி வரவழைத்தது. துணி வருவதற்குள் அந்தத் துரைசாணி சீமைக்குப் போய்விட்டார். அதை உள்ளே கறுப்புத் துணி வைத்து இரட்டையாக நான்தான் தைத்தேன். தொங்கவிட்ட அன்று தெருச் சத்தம்கூடக் குறைந்தது. மாமி கையால் தடவிப் பார்த்து, இதுதான் மறைப்பு என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. அது மழைக்காலம். மழைக்காலத்தில் எந்தத் திரையும் நல்ல திரைதான்.

ஆனியில் கச்சான் காற்று தொடங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, வெறும் காய்ந்த காற்றாக எங்கள் பக்கம் இறங்கும். உதடு வெடிக்கும். துவைத்துப் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். மத்தியானம் தாண்டியதும் வெயில் நேராக அந்த மூன்று கண்ணாடிகளிலும் வந்து விழும். கூரை தகரம்தான், ஆனாலும் அதன் கீழே பலகை அடித்திருந்ததால் மேலேயிருந்து வந்த சூடு கொஞ்சம் மட்டுப்பட்டது. ஜன்னல் வழியே வந்த சூட்டுக்குத் தடையே இல்லை. வெல்வெட்டின் மேல் கை வைத்தால் ரொட்டிக் கல்லில் வைத்தது போலச் சுட்டது. வெயில் உள்ளே வரவில்லை, சூடு மட்டும் எப்படி வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. திரை இன்னும் கனமாக இருக்கவேண்டும்போல என்று நினைத்து, மூன்றாவதாக ஒரு மடிப்பும் வைத்துத் தைத்தேன். அது என் முதல் முட்டாள்தனம்.

அந்த வருடம் நோன்பு நல்ல கச்சான் காலத்தில் வந்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு மாமி முன்னறையில் ஓதிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நோன்புக் கஞ்சிக்கு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஓதும் சத்தம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்தேன், மறுபடி தொடங்கவில்லை. போய்ப் பார்த்தால் மாமி பாயிலேயே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வைகூட இல்லை.

அவரைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்து, ஈரத் துணியால் முகத்தையும் கையையும் துடைத்தேன். கீழே ஆள் அனுப்பிக் கணவரைக் கூப்பிட்டேன். அவர் படியேறி வந்து உம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். விசிறியை எடுத்து வீசத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் மாமி கண்ணைத் திறந்து, சாயந்தர அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்களா என்று கேட்டார்.

"தண்ணி குடிங்க மாமி. ஏலாதவங்க நோன்ப விடலாம், குத்தமில்ல" என்றேன்.

"எனக்கு ஏலும். இந்த அறைக்குத்தான் ஏலாது" என்றார் மாமி.

கடைசிவரை தண்ணீர் குடிக்கவில்லை. சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு கேட்டபிறகுதான் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார். அவர் கஞ்சி குடித்து முடிக்கும்வரை எனக்குக் கஞ்சிக் கோப்பையைத் தூக்க மனம் வரவில்லை. அன்று சாயந்தரமே மூன்று வெல்வெட்டுத் திரைகளையும் கழற்றி மடித்து மூலையில் வைத்தேன். இந்த அறையைக் குளிரப்பண்ணாமல் விடுவதில்லை என்று கணவரிடம் சொன்னேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

இந்தியாவிலிருந்து சரக்கோடு வந்துபோகும் வியாபாரி ஒருவர் அவரிடம், தங்கள் ஊரில் வெட்டிவேர்த் தட்டியை ஜன்னலில் கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள், காற்று பனிபோல வரும் என்று சொல்லியிருந்தார். வெட்டிவேருக்கு நான் எங்கே போவேன்? கடையில் சாக்கு இருந்தது. மூன்று சாக்குகளைப் பிரித்துத் தைத்து, கிணற்றுத் தண்ணீரில் முக்கி, ஜன்னல் கதவுகளைத் திறந்து உள்பக்கமாகத் தொங்கவிட்டேன். உண்மையைச் சொல்லவேண்டும், அது வேலை செய்தது. கச்சான் காற்று அந்த ஈரச் சாக்கில் பட்டு உள்ளே வந்தபோது அறை முழுவதும் நுவரெலியா மாதிரி ஆகிவிட்டது. மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் கர்வத்தோடு இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன்.

காய்ந்த காற்று அரை மணி நேரத்தில் சாக்கை உலர்த்திவிடும். மறுபடி ஊற்றவேண்டும். நோன்போடு வாளி வாளியாகப் படியில் தூக்கி, மூன்றாம் தடவை ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது, கீழேயிருந்து கணவர் படியேறி வந்தார். மேலே மழை பெய்கிறதா என்று அமைதியாகக் கேட்டார். சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர் பலகை இடுக்கு வழியே இறங்கி, கீழே அடுக்கி வைத்திருந்த பெருநாள் சரக்கின்மேல் விழுந்திருந்தது. வெள்ளை மல் துணி மூன்று கட்டு. சாக்கின் சாயம் அதில் தேநீர்க் கறை மாதிரி வட்டம் வட்டமாக இறங்கியிருந்தது.

அவர் கத்துகிற மனிதர் அல்ல. அன்றும் கத்தவில்லை. கீழே போய்த் துணியை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் இறங்கிப் போய், தப்பு என்னுடையதுதான், தரை பலகை என்பதை யோசிக்கவில்லை என்றேன். பெருநாளுக்கு முன் அந்தத் துணியை எப்படியும் ஒப்பேற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன். பிறகு அதைக் காவி நிறத்தில் முக்கி எடுத்துத் தலையணை உறையாகத் தைத்தேன். விற்றுத் தீர்ந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தில் விழுந்த நல்ல அடி அது.

ஈரச் சாக்குகளை வீட்டுக்குள் எங்கே போட்டாலும் சொட்டும். ஆகவே அவற்றைக் காயவைக்க ஜன்னலுக்கு வெளியே தூக்கிப் போட்டேன். நல்ல வேளையாக எங்கள் ஜன்னல் கதவுகள் உள்பக்கமாகத் திறப்பவை. வெளியே இருந்த இரும்புக் கம்பியில் சாக்கை மாட்டிவிட்டுக் கண்ணாடிக் கதவுகளைச் சாத்தினேன். மறுநாள் இரண்டு சாக்குகளை எடுத்துவிட்டேன். ஓரத்து ஜன்னலில் கிடந்ததை மறந்துபோனேன்.

அன்று மத்தியானம் முன்னறையைக் கூட்டிக்கொண்டு போனபோது அந்த ஓரத்துக்கு வந்ததும் என் முகத்தில் அடித்த சூடு சட்டென்று நின்றது. திரும்பி இரண்டடி நடந்தேன், சூடு. மறுபடி ஓரத்துக்கு வந்தேன், இல்லை. கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். மற்ற இரண்டும் சுட்டன. இது சுடவில்லை. சாக்கில் ஒரு துளி ஈரம் கிடையாது, முறுகக் காய்ந்து கிடந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் இத்தனை நாளும் வெயிலைக் கண்ணாடி தாண்டி வீட்டுக்குள் வரவிட்டு, அதற்குப் பிறகு திரை போட்டு மறைத்திருக்கிறேன். வந்த விருந்தாளியை நடுவீட்டில் உட்காரவைத்துவிட்டு வாசல் கதவைச் சாத்தினால் அவன் போய்விடுவானா? அவனை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தியிருக்கவேண்டும்.

எனக்கு விளங்கினால் போதுமா? மூன்று கட்டு மல் துணியைப் பாழாக்கியவள் சொல்வதை யார் நம்புவார்கள்? நான் கண்ணெதிரே காட்ட முடிவுசெய்தேன். முதல் ஜன்னலில் வெல்வெட்டை மறுபடி உள்பக்கம் மாட்டினேன். நடு ஜன்னலில் வெள்ளைக் காடாத் துணியை உள்பக்கம் மாட்டினேன். ஓரத்து ஜன்னலில் வெளியே அந்தச் சாக்கு. பிறகு விடியற்காலைக் குளிரில் நன்றாக உறைந்திருந்த நெய்யை மூன்று பீங்கான் தட்டுகளில் ஒரே கரண்டியால் ஒரே அளவாக எடுத்து வைத்து, பின்னறையில் மூடி வைத்தேன். வெயில் திரும்பியதும் ஒவ்வொரு ஜன்னல் கட்டையிலும் ஒரு தட்டாக, திரைக்கு இந்தப் பக்கம் வைத்தேன். மாமி சுவரோரம் உட்கார்ந்து, இந்தப் பெண்ணுக்குப் பைத்தியமா என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஸர் தொழுதுவிட்டுக் கணவர் மேலே வந்தார். வெல்வெட்டுக்குப் பக்கத்தில் இருந்த நெய் எண்ணெயாக ஓடியிருந்தது. காடாத் துணிக்குப் பக்கத்தில் நடுவில் மட்டும் ஒரு சின்னத் திட்டு மிதந்தது. சாக்கு போட்ட ஜன்னலில் நெய் ஓரம் மட்டும் இளகி, மற்றபடி மணல் மணலாக அப்படியே இருந்தது. அவர் மூன்று தட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தட்டைச் சாய்த்தும் பார்த்தார். வியாபாரி அல்லவா, கண்ணால் கண்டதை மறுக்கமாட்டார். நெய் வீணாகவில்லை, அன்றைய கஞ்சிக்கே தாளித்துவிட்டேன்.

ஆனாலும் சாக்கு வேண்டாம் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அதில் நியாயம் இருந்தது. சாக்கு நாறியது. தெருவிலிருந்து பார்த்தால் அரிசிக் கிடங்கு மாதிரி இருந்தது. அப்படியானால் வெளியே மூங்கில் தட்டி போடுவோம் என்றேன். அப்போதுதான் கணவருக்கு உண்மையாகவே வருத்தம் வந்தது.

"துணிக்கடைக்காரன் வீட்டு ஜன்னல்ல கூடைக்காரன் சாமான் தொங்கினா, எங்கிட்ட துணி வாங்க வாறவன் என்ன நெனப்பான்?" என்றார்.

"உம்மாவ நல்லாப் பாத்துக்கிறான்னு நெனப்பான்" என்றேன்.

அவர் கீழே போனார். சாயந்தரம் கடைப் பையன் ஒரு வெள்ளை நாடாச் சுருளைக் கொண்டுவந்து கொடுத்தான். தட்டிக்கு ஓரம் கட்டுவதற்கு முதலாளி கொடுக்கச் சொன்னார் என்றான். சம்மதம் என்பதைச் சில பேர் வாயால் சொல்லமாட்டார்கள்.

ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்துக் கூடை கட்டும் ஒருத்தி என்னிடம் ரவிக்கை தைக்க வருவாள். நல்ல உயரம். தோள் அளவு எடுக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், என் கணவரின் சட்டை அளவே அவளுக்குச் சரியாக இருக்கும். கணவனும் அவளும் சேர்ந்து கட்டுவார்கள், ஆனால் மூங்கிலைக் கீறுவது அவள்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்ததும் மேலே கூட்டிக்கொண்டுபோய் ஜன்னல்களைக் காட்டினேன். ஒரு நூல்கூட நுழையாமல் நெருக்கிக் கட்டவேண்டும் என்றேன். அவள் ஜன்னலை அளக்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நெருக்கிக் கட்டுனா வெயிலும் வராது, காத்தும் வராதுங்கம்மா. உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு முட்டும். ஒரு ஈர்க்கு நுழையற அளவு விட்டுத்தான் கட்டணும்."

"அப்ப வெளிய நிக்கிறவனுக்கு உள்ள எல்லாம் தெரியுமே" என்றேன்.

"பகல்ல தெரியாதுங்க. வெளிய வெளிச்சம், உள்ள இருட்டு. அங்க இருந்து பாத்தா மூங்கில் மட்டுந்தான். இங்க இருந்து பாத்தா தெருவே தெரியும். ராத்திரி வெளக்கு வச்சாத்தான் மாறிப் போகும். அப்ப இருக்கவே இருக்கு, உங்க துணி. அத இழுத்து விட்டுக்கங்க."

தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் தட்டி கட்டி வாழ்கிறவளுக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியும்? வெளியே மூங்கில், உள்ளே வெள்ளைக் காடா என்று அங்கேயே முடிவானது. பச்சை வண்ணம் பூசலாமா என்று கேட்டேன். வெளுத்த மூங்கிலே வெயிலைத் திருப்பி அடிக்கும், வண்ணம் பூசினால் சூட்டைக் குடிக்கும் என்றாள். வெல்வெட்டோடு பட்ட பாடு நினைவிருந்ததால் அதை உடனே நம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று தட்டிகளையும் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு புருஷனும் பெண்சாதியுமாக வந்தார்கள். நாடாவில் ஓரம் தைத்துக் கொடுத்தேன். மாட்டுவதற்கு வெளியே ஏணி வைக்கவேண்டும். மாமிக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. ஒரு அந்நிய ஆண் ஏணியில் ஏறி நம் அறை ஜன்னலுக்கு நேரே நிற்பதா என்று கேட்டார். நோன்பு நாளில் இது வேண்டாம், வெல்வெட்டையே போட்டுவிடு என்றார். நான் பேசிப் பார்த்தேன், கணவர் பேசிப் பார்த்தார், அசையவில்லை. விஷயத்தைக் கூடை கட்டுகிறவளிடம் வந்து சொன்னேன், தயங்கிக்கொண்டே.

"அவரு ஏணியப் புடிச்சுக்குவாரு. நான் ஏறுறேன்" என்றாள். அதில் ஒரு பெரிய விஷயம் இருப்பதாகவே அவள் நினைக்கவில்லை.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, வாயில் கயிற்றைக் கவ்வியபடி ஏறினாள். ஞாயிற்றுக்கிழமைக் கடைத்தெரு. தோட்டங்களிலிருந்து வந்த கூட்டம் முழுவதும் நின்று பார்த்தது. பசறைக்குப் போகவேண்டிய வண்டிக்காரன்கூட மாட்டை நிறுத்திவிட்டான். கீழே எவனோ கேலியாக ஏதோ சொன்னான். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவளுடைய புருஷன் ஏணியைப் பிடித்தபடியே அந்த ஆளைப் பார்த்த பார்வையில் அவன் நகர்ந்துவிட்டான். என் கணவர் கடை வாசலில் கூச்சத்தோடு நின்றார். ஆனால் அன்று நின்று பார்த்த கூட்டத்தில் பாதி கடைக்குள் நுழைந்தது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெல்ல வந்து நின்றார். ஒரு பெண் தன் முகத்துக்கு நேரே அந்தரத்தில் நின்று ஆணி அடிப்பதை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் திறந்து, "புள்ள, கைய விட்டுறாத" என்றார். அவள் வாயில் கயிறோடு தலையை மட்டும் ஆட்டினாள்.

முதல் நாளே கச்சான் தன் வேலையைக் காட்டியது. தட்டிகள் படபடவென்று கண்ணாடியில் மோதின. பண்டாரவளையிலிருந்து அவர் பின்னாலேயே நடந்து கொண்டுவந்த கண்ணாடிகள் ஆயிற்றே, உடனே அவளைக் கூப்பிட்டேன். அவள் மறுபடி ஏறி, தட்டியின் அடி ஓரத்தை ஜன்னலோடு சேர்த்துக் கட்டாமல், முழங்கை நீளத்துக்கு மூங்கில் குச்சிகளை நீட்டி, உள்ளிருந்து அவிழ்க்கும்படி அவற்றின் நுனியில் இழுத்துக் கட்டினாள். குடை விரித்தது போலத் தட்டி வெளியே சாய்ந்து நின்றது. மோதுவது நின்றது. தட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சூடு தங்காமல் காற்று மேலேறிப் போக வழியும் ஆயிற்று. இதை அவள் யோசித்துச் செய்தாளா, தற்செயலா என்று கேட்டேன். ஜன்னல் உடைந்தால் யார் பதில் சொல்வது என்பதைத்தான் யோசித்தேன் என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஓர் ஒழுங்கு வந்தது. விடியுமுன் சஹர் சாப்பிட எழுந்ததும் கண்ணாடிக் கதவுகளையெல்லாம் திறந்துவிடுவேன். மலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று அறையை நிறைக்கும். வெயில் ஏறுமுன் கதவுகளைச் சாத்தித் தட்டிகளை இறக்குவேன். பகல் முழுவதும் அந்தக் குளிர் உள்ளேயே கிடக்கும். மஃரிபுக்குப் பிறகு மறுபடி திறப்பேன். விளக்கேற்றினால் காடாத் திரை. இதற்குத் தண்ணீர் வேண்டாம், வாளி வேண்டாம். வெல்வெட்டைக் கணவர் அப்புத்தளையில் தங்குவிடுதி நடத்திய ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அங்கே பனியிலும் குளிரிலும் அது அருமையான திரை. துணியில் ஒரு குற்றமும் இல்லை, நான் அதைத் தொங்கவிட்ட இடம்தான் குற்றம்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. தட்டி மாட்டி மூன்றாம் நாள், தொழுகை முடிந்தும் மாமி பாயிலிருந்து எழுந்து போகவில்லை. ஜன்னலருகே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூங்கில் இடுக்கு வழியே தெருவைப் பார்த்தார். கல்யாணமாகிப் பதுளைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கடைத்தெருவை அவர் பார்த்தது மூடுவண்டிக்குள்ளிருந்து மட்டும்தான். மகன் கடை எப்படி நடக்கிறது என்பதே அவருக்குக் கேள்வி ஞானம். இப்போது ஒருவர் கண்ணிலும் படாமல் எல்லாவற்றையும் பார்த்தார். யார் வந்தார்கள், யார் கடைக்குள் நுழைந்துவிட்டு வெறுங்கையோடு போனார்கள் என்று சாயந்தரம் மகனிடம் வரிசையாகச் சொன்னார். அவர் அசந்துபோனார். அடுத்த வாரத்திலிருந்து, இன்றைக்குத் தெருவில் என்ன விசேஷம் என்று அவராகவே கேட்கத் தொடங்கினார்.

நோன்பின் கடைசி நாள் வந்தது. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. ஆண்கள் பிறை பார்க்கப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் மாமி நடு ஜன்னலின் தட்டியைச் சுருட்டச் சொன்னார். தெருவில் ஆள் இருக்கிறார்களே என்றேன். எல்லாருடைய கண்ணும் வானத்தில் இருக்கிறது, நம்மை யார் பார்ப்பார்கள் என்றார். கயிற்றை இழுத்துச் சுருட்டினேன். இரண்டு பேரும் கண்ணாடியைத் திறந்துகொண்டு நின்றோம். மலைக்கு மேலே, வெட்டிப் போட்ட நகம் போலப் பிறை. அவர்தான் முதலில் கண்டார். என் தோளைப் பிடித்து அழுத்திக் காட்டினார். அறுபது வயதுக்குள் தன் கண்ணால் பெருநாள் பிறை பார்ப்பது அதுவே முதல் தடவை என்றார். மற்ற வருடங்களிலெல்லாம் ஆண்கள் வந்து சொல்லித்தான் தெரியும். கை ஏந்தி ஓதினார். நானும் கை ஏந்தினேன். ஓதி முடித்த கையோடு தட்டியை இறக்கு, விளக்கேற்ற நேரமாச்சு என்று அதட்டினார்.

மறுநாள் பெருநாள். சொந்தக்காரப் பெண்கள் பத்துப் பேராவது மேலே வந்தார்கள். வெயில் ஏற ஏற, இந்த வீட்டில் மட்டும் எப்படிச் சூடே இல்லை என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். மாமி முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெயிலை உள்ளே விட்டபிறகு மறைத்து என்ன பயன், வெளியிலேயே நிறுத்தவேண்டும் என்று விளக்கினார். மூங்கில் ஏன் வெளுப்பாக இருக்கவேண்டும், ஏன் ஓர் ஈர்க்கு இடைவெளி விடவேண்டும், அடியில் ஏன் குச்சி நீட்டிக் கட்டவேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது என்று ஒருத்தி கேட்டாள்.

"வெல்வெட்டு சரி வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் மாமி.

நான் தேநீர்த் தட்டோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே திருத்தியிருப்பேன். அன்று பேசாமல் கோப்பைகளை நீட்டிக்கொண்டே போனேன். நாலு வீட்டுக்காரப் பெண்கள் என்னைத் தனியே இழுத்து, அந்தத் தட்டிக்காரி மறுபடி எப்போது வருவாள் என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றேன்.